நல்ல கிருமியும் ஒரு நார்மல் ரிப்போர்ட்டும்

முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் மலத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். இப்படிப் பட்டென்று சொன்னால் என் மனைவிக்குப் பிடிக்காது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லித்தான் அவளை எனக்குக் கட்டிவைத்தார்கள். ரத்தம், சிறுநீர், சளி எல்லாமும் பார்த்தேன்தான். ஆனால் வாய்க்கால் தண்ணீரும் வெறுங்கால் நடவும் உள்ள எங்கள் பக்கத்தில் லேப் டெக்னீஷியனுக்கு முக்கால்வாசி வேலை வயிறு சம்பந்தப்பட்டதாகவே இருந்தது.

தஞ்சாவூரில் லேப் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் தங்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். "குடல் ஆரோக்கியம் பத்தி எழுதுங்க சார். நல்ல கிருமி கேப்சூல் எது வாங்கலாம்னு வர்றவங்க எல்லாரும் எங்களையே கேக்குறாங்க. ஒங்க அனுபவத்துலேர்ந்து ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். அனுபவம் என்று கேட்டதால் எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்த ஆளிடம் ஏன் கேட்டோம் என்று அவர்களுக்குத் தோன்றலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது ஒரு வருடப் படிப்பு. அது முடிந்த மறு மாதமே மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வேறு இடம் தேட எனக்குச் சோம்பல்.

டாக்டர் எலிசபெத் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர். குள்ளமான உருவம், பெரிய குரல். நோயாளியிடம் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "வெளிக்கி எப்படிம்மா போவுது? தண்ணியாவா, கட்டியாவா? செவப்பு இருக்கா?" என்று வராந்தா கடைசிவரை கேட்கும்படி கேட்பார். பாதிப் பெண்கள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வார்கள். "மூடிக்கிட்டா நோய் போயிடுமா?" என்று அதற்கும் ஒரு சத்தம் வரும்.

லேபில் அவருடைய சட்டம் ஒன்று உண்டு. மாதிரி வாங்கும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். எப்போது எடுத்தது? எதில் எடுத்தது? யாருடையது? முதல் இரண்டைக் கேட்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. தீப்பெட்டி, வாழையிலைப் பொட்டலம், பிலிம் ரோல் டப்பா என்று எதிலெதிலோ கொண்டுவருவார்கள். மூன்றாவது கேள்விதான் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கையில் கொடுப்பவரைப் பார்த்து இது உன்னுடையதுதானா என்று எப்படிக் கேட்பது? ஆனால் கேட்கவேண்டியிருந்தது. மூன்று நாளாக மலச்சிக்கல் என்று வந்த ஒரு விவசாயி, பஸ் ஏறி வந்தது வீணாகக் கூடாதென்று அண்ணனுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்டதற்கு, "ஒரே ரத்தம்தானே தம்பி, ஒரே சோறுதானே" என்றார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "சந்தேகம் வந்தா ரிப்போர்ட்ல 'மாதிரி சந்தேகம், மறுபடி தேவை'ன்னு எழுதணும். மனுஷனுக்காகப் பாக்கக் கூடாது, சாமுவேல்" என்றார்.

புதுப்புது மருந்துக் கம்பெனிகள் முளைத்த காலம் அது. முன்பு மாதத்துக்கு இரண்டு ரெப்புகள் வந்தால் அதிகம். பிறகு டை கட்டிய பையன்கள் தினமும் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நாளில் எந்த டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் கூடவே நல்ல கிருமி கேப்சூல் ஒன்று ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரு ரெப் அதைக் கொண்டுவந்த காட்சி நினைவிருக்கிறது.

"ஒரு கேப்சூல்ல கோடிக்கணக்குல இருக்கு மேடம். எல்லாமே உயிருள்ளது."

"தம்பி எதுல வந்தீங்க?"

"பைக்ல மேடம். நாகப்பட்டினத்துலேர்ந்து."

"இந்த வெயில்லயா? டப்பாவுல குளுமையான எடத்துல வைக்கணும்னு போட்டிருக்கே. வழியில எத்தனை கோடி செத்துச்சோ, போய்ச் சேந்ததுக்கெல்லாம் நீங்கதான் ஜெபம் பண்ணணும்."

அந்த ரெப் கொடுத்துவிட்டுப் போன கேப்சூல்களில் இரண்டைப் பிரித்துக் காய்ச்சி ஆறிய பாலில் போட்டு மூடி வைத்தேன். பக்கத்துக் கிண்ணத்தில் சமையல்கட்டிலிருந்து வாங்கிய ஒரு சொட்டு வீட்டுத் தயிர். காலையில் தயிர் ஊற்றிய பால் உறைந்திருந்தது. கேப்சூல் போட்ட பால் பாலாகவே இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இது சரியான சோதனை இல்ல. எல்லா நல்ல கிருமியும் பாலை உறைய வைக்காது" என்று என் பெருமையை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டார். பிறகு சொன்னதைத்தான் இந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வைத்திருக்கிறேன். உயிரோடு போனாலும் அவை விருந்தாளிகள்தான். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளில் கிளம்பிவிடும். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு மாதிரி சிலவற்றுக்குச் சில வகைகள் உதவலாம். எல்லா வயிற்றுக்கும் எல்லாக் கேப்சூலும் என்று கிடையாது. குடலில் ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்குக் கீரை, வாழைத்தண்டு, பயறு என்று ஒழுங்காகச் சாப்பாடு போடுவதும், மோர் குடிப்பதும், தண்ணீரைக் காய்ச்சுவதும், கையைக் கழுவுவதும் அதைவிட மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் போகிற வயிற்றுக்கு மாத்திரை தேடக் கூடாது. காரணம் தேட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்திருந்தால் இப்போது இதை எழுத வேண்டியிருக்காது.

சலீம் என்னோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவன். எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு. இவன் துபாயில் ஒரு பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். அவன் மனைவி ஹசீனாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது இருக்கும். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, ரிஸ்வானா. பெருநாளுக்குப் பிரியாணி அவர்கள் வீட்டிலிருந்து வரும், கிறிஸ்துமஸ் பலகாரம் எங்கள் வீட்டிலிருந்து போகும். ஹசீனா என்னை அண்ணே என்பாள். நேருக்கு நேர் நின்று நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

ஒரு பங்குனி மாதம் ஹசீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு மாதமாக வயிற்று வலி, சளி சளியாகப் போகிறது, அவ்வப்போது சிவப்பு. டாக்டரம்மா மேஜையில் படுக்கச் சொன்னபோது கையை எடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் டாக்டர் என்றாளாம். நாலு நாளாகக் கஞ்சி தவிர வேறு எதுவும் இறங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். சீட்டில் மலப் பரிசோதனை, மறைந்த ரத்தத்துக்கான சோதனை என்று எழுதி, இரண்டு வாரத்தில் மறுபடி வரவேண்டும் என்றும் டாக்டரம்மா கோடிட்டிருந்தார்.

மறுநாள் காலை லேப் ஜன்னலில் ஒரு டப்பா வந்தது. வெளிநாட்டு முகப்பூச்சு டப்பா, நன்றாகக் கழுவியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஹசீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பின்னால் ஆண்கள் வரிசை. எப்போது எடுத்தது என்று கேட்டேன், காலையில் என்றாள். எதில் எடுத்தது என்பது கையில் இருந்தது. மூன்றாவதை நான் கேட்கவில்லை. சிநேகிதன் பெண்டாட்டியிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செய்முறை எளிது. கண்ணாடிச் சில்லில் ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்புநீர், மறு பக்கம் ஒரு சொட்டு அயோடின். ஈர்க்குச்சி முனையால் துளி எடுத்து இரண்டிலும் கரைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, முதலில் சின்ன லென்ஸிலும் பிறகு பெரிய லென்ஸிலும் வரிசை வரிசையாக, வயலில் களை பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். அன்று பார்த்தேன். அமீபா இல்லை. புழு முட்டை இல்லை. ரத்த அணு ஒன்றுகூட இல்லை. கரும்பழுப்பாகச் சின்னச் சின்னக் கல் துணுக்குகள் மட்டும் நிறையக் கிடந்தன. வெறும் கண்ணுக்கே தெரிகிற மாதிரி வேர்க்கடலைத் துண்டுகளும் இருந்தன. அந்தக் கல் எனக்குப் பழக்கமானது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பேன். சிலேட்டுக் குச்சி.

நாலு நாள் கஞ்சி குடித்தவளின் குடலில் கடலை ஏது? ரத்தச் சோகை உள்ள பெரியவர்களும் சிலேட்டுக் குச்சி தின்பார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொன்னேன். அப்படியே இருந்தாலும் அந்தச் சோகை எங்கிருந்து வந்தது என்று தேடியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. மறைந்த ரத்தத்துக்கு மருந்து ஊற்றினேன். ரத்தம் இருந்தால் நீலமாகும். நிறம் மாறவே இல்லை.

எழுந்து கதவு வரை போனேன். வராந்தா பெஞ்சில் ஹசீனா உட்கார்ந்திருந்தாள். மடியில் ரிஸ்வானா, வாயில் சிலேட்டுக் குச்சி. உதடெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ஹசீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷமே விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"மாதிரி சந்தேகம், மறுபடி தேவை" என்று எழுதினால் சீட்டை ஜன்னலில் எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டும். டாக்டரம்மா வராந்தா கேட்கக் கத்துவார். ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். இப்படியெல்லாம் ஹசீனாவுக்காக யோசித்ததாகத்தான் அப்போது நம்பினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். கிருமி இல்லை, முட்டை இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பொய்கூட எழுதவில்லை. மேலே நோயாளியின் பெயர் என்ற இடத்தில் ஹசீனா என்று எழுதினேன்.

நாலைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரி போனுக்குச் சலீம் கூப்பிட்டான்.

"டேய், ரிப்போர்ட் நார்மலாமே? அவ போன்ல சொன்னா. அப்பாடான்னு இருக்குடா."

"ஆமாம்டா."

"இங்க ஒரு பாகிஸ்தான்காரரு சொன்னாரு, வயித்துல நல்ல கிருமி கொறஞ்சா இப்படித்தான் ஆவுமாம். கேப்சூல் இருக்கு, நல்ல ஒசத்தியான சரக்கு. ஊருக்கு வர்ற ஆள்கிட்ட குடுத்தனுப்பட்டா? நீ சொன்னாத்தான் அனுப்புவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லு என்ற ஒரு வரி போதும். "அனுப்புடா. கெடுதல் ஒண்ணும் இல்ல" என்றேன்.

கேப்சூல் வந்தது. சோப்பு, பால் பவுடர், தைலம் இவற்றோடு பெட்டிக்குள் வெந்து வந்தது. ஹாலில் பூப்போட்ட துணி போர்த்தியிருந்த ஃபிரிட்ஜில், தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிற ஊரில், அதைப் பத்திரமாக வைத்தார்கள். முதல் டப்பா முடிந்தபோது ஹசீனாவைத் தெருவில் பார்த்தேன். "வயிறு லேசா இருக்குண்ணே. உப்புசம் கொறைஞ்சிருக்கு" என்றாள். சிவப்பு பற்றி நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருந்த டாக்டரம்மாவிடம் அவள் போகவே இல்லை. நார்மல் ரிப்போர்ட் இருக்கிறது, ஒசத்தியான மாத்திரை இருக்கிறது, எதற்குப் போக வேண்டும்? ஊருக்கு யார் வந்தாலும் ஒரு டப்பா வந்தது.

அந்தக் கேப்சூல் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எட்டு மாதத்தைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

கார்த்திகை அடைமழையில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். விரலில் குத்தியபோது வந்தது ரத்தம் போலவே இல்லை, கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. டாக்டரம்மா நர்ஸைக் கூடவே நிறுத்தி மாதிரி எடுக்க வைத்தார். மருந்து ஊற்றி நான் கையை எடுப்பதற்குள் கருநீலம் ஆகிவிட்டது.

டாக்டரம்மா பழைய ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார். பங்குனி மாதப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ரிப்போர்ட் சரியாத்தான் இருந்திருக்கு சாமுவேல். நான்தான் விட்டுட்டேன். ஆள் அனுப்பியாவது திரும்ப வரச் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் யாரிடமும் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்து, என் தப்பைத் தன் தப்பென்று ஒப்புக்கொண்டார். நான் ரிஜிஸ்டரை வாங்கி அலமாரியில் வைத்தேன். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

தஞ்சாவூருக்கு அனுப்பினோம். பெருங்குடலில் கட்டி, கல்லீரல் வரை போய்விட்டது என்றார்கள். சலீம் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். நான் பார்க்கப் போன ஒரு நாள் அவன் மருந்து வாங்க வெளியே போயிருந்தான். ஹசீனா கட்டிலிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் குடுத்தது பாப்பாவோடது. ஒங்க கையில எப்படிக் குடுக்குறதுன்னு இருந்துச்சு. நானே என் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன். அவருக்குச் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு."

எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் சுமையில் பாதியாவது என் தலைக்கு மாறியிருக்கும். "சரிம்மா" என்றேன். சித்திரையில் அடக்கம் செய்தார்கள். எல்லாம் தன்னால் வந்தது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள்.

அதன் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்திருந்தேன். சலீம் மறுபடி வெளிநாடு போகவில்லை. பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடை வைத்துப் பெண்ணை வளர்த்தான். ரிஸ்வானா திருச்சியில் பாங்க் வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று.

மூன்று மாதம் முன்பு ஊருக்கு வந்தவள் என் வீட்டுக்கு வந்தாள். போனை என் முன்னால் நீட்டி, "மாமா, இது நல்ல பிராண்டான்னு பாருங்க. முப்பது பில்லியன்னு போட்டிருக்கு. ஆறு மாசமாச் சாப்புடுறேன், வயிறு சரியாவே இல்ல" என்றாள்.

"ரத்தம் போவுதாம்மா?"

அவள் பார்வையைச் சுவரிலிருந்த காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்பப்ப. மூலமா இருக்கும் மாமா."

அவளுக்கு முப்பத்தொரு வயது. தாய்க்கு முப்பத்தாறு வயதில் குடலில் கட்டி வந்திருந்தால் பெண்ணுக்கு முன்கூட்டியே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"டெஸ்ட்லாம் வேணாம் மாமா. அம்மாவுக்கு நீங்கதானே பாத்தீங்க? நார்மல்னுதானே வந்துச்சு? அப்பயே தெரியாதது இப்ப மட்டும் தெரியவா போவுது?"

அந்த ரிப்போர்ட் தாயை முடித்ததோடு நிற்கவில்லை, மகளிடமும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அது ஒங்க அம்மாவோடது இல்லம்மா. ஒன்னோடது. வெக்கப்பட்டுக்கிட்டு ஒன்னோடதைக் கொண்டாந்து குடுத்துட்டாங்க."

"என்னோடதா?" அவள் முகம் வெளுத்தது. "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே."

வாக்கு, வரிசையில் நின்ற ஆண்கள், ஊர்ச் சிரிப்பு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மறு வாரமே தஞ்சாவூரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுண்டைக்காய் அளவில் ஒரு முளை இருந்ததாம். அங்கேயே எடுத்துவிட்டார்கள், புற்றாக மாறியிருக்கவில்லை. இனி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சலீம் போனில் சொன்னான். சொல்லி முடித்ததும் வைத்துவிட்டான். பஜாரில் எதிரில் வந்தால் இப்போது கடைக்குள் போய்விடுகிறான்.

ரிஸ்வானா என்னோடு பேசுவதில்லை. அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துக் கேட்டதுதான் கடைசி.

"அம்மா வெக்கப்பட்டாங்க, சரி. பாக்குறதுதானே ஒங்க வேல, ஒங்களுக்கு என்ன மாமா வெக்கம்?"